திருப்புளியைக் கீழே வையுங்கள்

பழைய ஹாம் ரேடியோ செட் ஒன்று சரியாகக் கேட்கவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? மூடியைக் கழற்றுகிறார்கள். உள்ளே தகர டப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு கோர், கோரின் தலையில் ஒரு வெட்டு. கையிலோ திருப்புளி இருக்கிறது. அப்புறம் என்ன, திருக வேண்டியதுதான்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கும். நம் ஊரில் எத்தனையோ நல்ல செட்டுகள் வயதாகிச் சாகவில்லை. திருப்புளியால் செத்தன.

ஹாம் ரேடியோ பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. ட்ரான்ஸீவர் என்பது அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே பெட்டிக்குள் செய்யும் கருவி. தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று, வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு பேசுகிறோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த யேசு எஃப்.டி.-101, கென்வுட் டி.எஸ்.-520 போன்ற ஜப்பான் செட்டுகள் இன்னமும் பலர் வீட்டில் இருக்கின்றன. சில உழைக்கின்றன. பல மேசைமேல் துணி போர்த்திக் கிடக்கின்றன. "அனுப்புது சார், ஆனா காதுதான் கேக்கல" என்பார்கள்.

அந்தக் காதுதான் விஷயம்.

என் கட்சி ஒன்றே ஒன்று. நேற்றுவரை கேட்ட செட் இன்று கேட்கவில்லை என்றால், அதற்குக் காரணம் காயில் திருகாக இருக்கவே முடியாது. தொழிற்சாலையில் வைத்து, மெழுகு ஊற்றி நிறுத்திய கோர் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே எழுந்து சுற்றிக்கொள்ளாது. யாரும் தொடாத திருகு இருந்த இடத்தில்தான் இருக்கும். அப்படியிருக்க, கெட்டுப்போன ஏதோ ஒன்றைத் தேடாமல், கெடாத பத்துத் திருகுகளைத் திருகுவது என்ன வைத்தியம்? காய்ச்சலோடு வந்தவனுக்குக் கண்ணாடியின் பவரை மாற்றிக் கொடுப்பதுபோல.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு எஃப்.டி.-101 என்னிடம் வந்தது. சொந்தக்காரர் காலமாகிவிட்டார். மகன் அப்பாவின் செட்டிலேயே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேர்வு எழுதி உரிமமும் வாங்கிவிட்டார். செட் கேட்கவில்லை. வெளியூரில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் "முழு அலைன்மென்ட் பண்ணியாச்சு, இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, செட்டுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லி, கூலியும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திறந்து பார்த்தேன். மெழுகெல்லாம் உடைந்திருந்தது. இரண்டு கோர்கள் இரும்புத் திருப்புளி பட்டுத் தலை பிளந்து, டப்பிக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தன. அசல் கோளாறு என்ன தெரியுமா? அந்த செட்டில் ஆன்டெனாவிலிருந்து ரிசீவருக்குப் போகும் வழியில் சின்ன பல்பு மாதிரி ஒரு ஃப்யூஸ் உண்டு. பக்கத்தில் யாராவது பெரிய பவரில் அனுப்பி, அது நம் ஆன்டெனா வழியாக உள்ளே வந்தால், உள்ளே இருக்கும் காயிலுக்குப் பதிலாக இந்தப் பல்பு தன் உயிரைக் கொடுக்கும். அது எரிந்துபோயிருந்தது. அவ்வளவுதான். அனுப்பும் வழியில் அந்தப் பல்பு இல்லை. அதனால் அனுப்புவதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பல்பை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. திருகிய பாவத்தைக் கழுவ மூன்று மாதம் ஆனது. அப்படியும் செட் பழைய நிலைக்கு வரவில்லை. பிளந்த கோர் பிளந்ததுதான். அந்தப் பையன் முகத்தைப் பார்த்து "உங்கப்பா வச்சிருந்த மாதிரி இனிமே இருக்காது தம்பி" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோபம்தான் இந்தக் கட்டுரை.

சரி, திருகக்கூடாது என்றால் என்ன செய்வது? யோசிக்க வேண்டும். யோசனைக்குக் கருவியே வேண்டாம்.

முதலில் செட்டின் முகத்தைப் பாருங்கள். ஆர்.எஃப். கெயின் குமிழ் முழுக்கத் திறந்திருக்கிறதா? பல பழைய செட்டுகளில் இந்தக் குமிழைக் குறைத்தால் எஸ்-மீட்டர் முள் மேலே ஏறி நிற்கும். முள் ஏறி நிற்கிறது, சத்தம் இல்லை என்றால் முதல் சந்தேகம் அந்தக் குமிழ்மேல்தான். அட்டென்யுவேட்டர் போட்டபடி இருக்கிறதா? கிளாரிஃபையர் தெரியாமல் ஆன் ஆகி, நீங்கள் ஓர் இடத்தில் அனுப்பி வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? வெளி வி.எஃப்.ஓ. பக்கம் ஸ்விட்ச் திரும்பியிருக்கிறதா? வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம்.

அடுத்து ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். மறுபடி மாட்டுங்கள். 40 மீட்டரில் மாட்டியவுடன் இரைச்சல் தெளிவாக ஏறினால் உங்கள் ரிசீவர் செவிடு இல்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சலையே கேட்கிற அளவுக்கு அதற்குக் காது இருக்கிறது. அதற்குமேல் காயிலைத் திருகி ஆதாயம் கூட்டினால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து கூடும். லாபம் பூஜ்யம். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தாலே எத்தனையோ செட்டுகள் தப்பியிருக்கும்.

மாட்டினாலும் கழற்றினாலும் ஒரே மாதிரி இருந்தால்தான் உள்ளே கோளாறு. அப்போதும் திருப்புளி வேண்டாம். அனுப்பிப் பாருங்கள். ஆன்டெனாவில் அல்ல, 50 ஓம் டம்மி லோடில். இங்கேதான் ட்ரான்ஸீவர் நமக்கு ஒரு பெரிய உபகாரம் செய்கிறது. எஃப்.டி.-101 போன்ற செட்டில் வி.எஃப்.ஓ., பேண்ட் கிரிஸ்டல்கள், கிரிஸ்டல் ஃபில்டர், ப்ரீசெலக்டர் காயில்கள் எல்லாம் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் பொது. எல்லா பேண்டிலும் ஒழுங்காகப் பவர் வருகிறது என்றால் இந்தப் பொதுச் சொத்து முழுக்க நல்ல நிலையில் இருக்கிறது என்று செட்டே சாட்சி சொல்லிவிட்டது. நம் ஆட்கள் திருகும் பேண்ட் காயில்கள் இந்தப் பொதுச் சொத்தில் அடங்கியவை! நன்றாக இருப்பதாக சாட்சி கிடைத்த பிறகும் அதைத் திருகுவதை என்னவென்று சொல்ல?

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டைக் கையால் கட்டியவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஒரே பாதையில் சிக்னல் இரண்டு பக்கமும் ஓடும் அமைப்பு அது. ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் ஓடவில்லை என்றால், பாதையில் பழுதில்லை, திசை மாற்றும் இடத்தில்தான் பழுது என்று சட்டென்று சொல்லிவிடலாம்.

ஆக, மிச்சம் இருப்பது வாங்குவதற்கு மட்டுமே உள்ள பகுதிகள். அதில் முதல் குற்றவாளி ஆன்டெனா ரிலே. பி.டி.டி. பொத்தானை நான்கைந்து முறை அழுத்திவிட்டால் கொஞ்ச நேரம் நன்றாகக் கேட்கிறதா? அப்படியானால் ரிலேயின் கான்டாக்ட் கறுத்துவிட்டது. இதற்குக் காரணம் எளிது. அனுப்பும்போது ரிலே முனையில் நல்ல கரண்ட் ஓடுகிறது. மெல்லிய அழுக்குப் படலத்தை அது உடைத்துக்கொண்டு போய்விடும். வாங்கும்போது வருவதோ மைக்ரோவோல்ட். எஸ்-9 என்று நாம் பெருமையாகச் சொல்லும் சிக்னலே ஆன்டெனா முனையில் 50 மைக்ரோவோல்ட்தான். அந்தப் பூஞ்சை சிக்னலால் ஒரு படலத்தைக்கூடத் தாண்ட முடியாது. அதனால்தான் பழைய செட் அனுப்பும், கேட்காது. இதில் மாயம் ஒன்றுமில்லை.

மருந்தும் எளிது. செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைத்தாளில் மெல்லிய பட்டை ஒன்று வெட்டி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக இழுங்கள். தாள் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை இழுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். மேலே உள்ள மெல்லிய வெள்ளிப் பூச்சு போய்விட்டால் ரிலே முடிந்தது.

ஒரு பேண்டில் கேட்டு இன்னொரு பேண்டில் கேட்கவில்லையா? பேண்ட் ஸ்விட்சை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கரகரவென்று உயிர் வந்தால் ஸ்விட்சில்தான் அழுக்கு. கான்டாக்ட் கிளீனரைக் குறிபார்த்து ஒரு சொட்டு விடுங்கள். கொசு மருந்து மாதிரி அடிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்ட மகானுபாவர்களையும் பார்த்திருக்கிறேன். எஃப்.டி.-101-இல் போர்டுகள் எல்லாம் சொருகி எடுக்கும் வகை. அவற்றின் விளிம்பில் உள்ள பட்டைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து மறுபடி சொருகினாலே பாதி மர்மங்கள் தீர்ந்துவிடும்.

செட்டில் காலிப்ரேட்டர் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். அதன் விசில் ஓங்கி ஒலிக்கிறது, ஆன்டெனாவில் வரும் நிலையம் மட்டும் கேட்கவில்லை என்றால், கோளாறு ஆன்டெனா சாக்கெட்டுக்கும் ரிசீவரின் வாசலுக்கும் நடுவில். ரிலே, ஃப்யூஸ் பல்பு, ஒரு வயர். விசிலே கேட்கவில்லை என்றால் உள்ளே போக வேண்டும். அப்போது மீட்டரை எடுத்து, செட்டோடு வந்த சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் வோல்டேஜ்கள் அந்தந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பீக்கர் பக்கமிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாக சிக்னல் கொடுத்துப் பின்னோக்கி வாருங்கள். எந்தக் கட்டத்தில் சத்தம் நின்றதோ அங்கே நோயாளி. ஓர் எச்சரிக்கை: வால்வு இறுதிக் கட்டம் உள்ள செட்டுகளில் 600 வோல்ட் அளவுக்கு இருக்கும். அணைத்த பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் கை நீட்ட வேண்டாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"நாற்பது வருஷத்தில் காயில் கொஞ்சமாவது நகர்ந்திருக்காதா?" நகர்ந்திருக்கும். கண்டென்சர்களின் மதிப்பும் சற்று மாறியிருக்கும். ஆனால் அந்த இழப்பு மெதுவாக வருவது, சிறியது. ஒரு எஸ் அலகு என்பது 6 டெசிபல். வயதால் வந்த நகர்வைச் சரிசெய்து ஒன்றிரண்டு டெசிபல் கூட்டினால் உங்கள் காதுக்கு அது தெரியவே தெரியாது. செட் ஊமையானதற்கு அது காரணமும் இல்லை. அலைன்மென்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோளாறைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகு, சிக்னல் ஜெனரேட்டர் வைத்து, புத்தகத்தில் சொன்ன வரிசையில், பிளாஸ்டிக் கருவியால் செய்யுங்கள். அது கடைசி வேலை. முதல் வேலை அல்ல. காதால் கேட்டு, இரைச்சல் அதிகமாகும் பக்கம் திருகுவது அலைன்மென்ட் ஆகாது.

"திருகினவுடனே சரியாகிவிட்டதே?" இதற்கு நல்ல உதாரணம் எண்பதுகளில் வந்த கென்வுட் டி.எஸ்.-440. அதில் வி.சி.ஓ. பகுதியில் அதிராமல் இருக்க ஊற்றிய பசை, வருடங்கள் போகப்போகக் கெட்டு மின்சாரத்தைக் கசியவிடும். பி.எல்.எல். பிடி விட்டுவிடும். டிஸ்ப்ளேயில் எண்கள் போய் வெறும் புள்ளிகள் தெரியும். செட் ஊமை. அங்கே இருக்கும் டிரிம்மரைக் கொஞ்சம் திருகினால் பிடி திரும்ப வரும். ஆஹா என்பார்கள். பசை தன் வேலையைத் தொடரும், புள்ளிகள் மறுபடி வரும். மறுபடி திருகல். ஒருநாள் திருக இடமிருக்காது. செய்ய வேண்டியது பசையைப் பொறுமையாக அகற்றிச் சுத்தம் செய்வது. திருகினால் குணமானதுபோலத் தோன்றும். நோய் உள்ளேயே இருக்கும்.

"எல்லா கண்டென்சரையும் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டால்?" எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காயும் என்பது உண்மை. ஸ்பீக்கரில் ஹம் கேட்டால் பவர் சப்ளையில் உள்ளவற்றைப் பாருங்கள். ஆனால் கோளாறு எதுவென்று தெரியாமல் ஒரே உட்காரலில் நாற்பது மாற்றினால், அதில் ஒன்றைத் தலைகீழாக வைத்திருப்பீர்கள். முன்னால் ஒரு கோளாறு. இப்போது இரண்டு. எந்தக் கண்டென்சரால் குணமானது என்பதும் கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், செய்ததை நோட்டில் எழுதுவது. இதைவிட நல்ல கருவி கிடையாது.

"இவ்வளவு பாடு எதற்கு? புதுசு வாங்கிவிட்டுப் போகலாமே." காசு இருப்பவர்கள் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் இதையும் கேளுங்கள். இன்றைக்கு நம் தெருக்களில் எல்.இ.டி. பல்புகள், மொபைல் சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஷார்ட்வேவ் முழுக்க இரைச்சலைக் கொட்டுகின்றன. கரண்ட் போன ராத்திரியில் பேட்டரி ட்ரான்ஸிஸ்டர் ரேடியோ எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று கவனித்திருப்பீர்கள். காரணம் அதுதான். பாதிப் பேருடைய செட் செவிடாகவில்லை. தெருதான் சத்தம் போடுகிறது. லட்ச ரூபாய் செட் வாங்கினாலும் அதே ஆன்டெனாவில் அதே இரைச்சல்தான் வரும். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, செட்டை பேட்டரியில் போட்டுக் கேளுங்கள். அது முடியாவிட்டால் சின்ன ட்ரான்ஸிஸ்டர் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த பல்பருகே கத்துகிறதோ அந்த பல்பை மாற்றுங்கள். நூறு ரூபாயில் முடியலாம்.

இந்தத் திருகும் புத்தி ஹாம்களோடு வந்ததும் அல்ல. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்களில் இலங்கை வானொலி கேட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். அப்போதே தெருமுனை மெக்கானிக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒருவர் மூடியைத் திறந்தவுடன் திருகுவார். இன்னொருவர் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார், வால்வை விரலால் தட்டுவார், மீட்டர் வைப்பார், பிறகுதான் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணுவார். யாரிடம் கொடுத்த ரேடியோ அதிக வருஷம் பாடியது என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

ஒரு பழைய பெட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசம்பர் சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் குழு, தொடர்பற்றுப் போன அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே சேர்த்தது. அந்த நேரத்தில் முக்கியமாக இருந்தது எவ்வளவு பவரில் கத்தினோம் என்பது மட்டுமல்ல. இரைச்சலுக்கு நடுவே வரும் மெலிந்த குரலைக் கேட்க முடிந்ததா என்பதும்தான். அந்தக் காதை நாம் திருப்புளியால் குத்திக்கொண்டிருக்கிறோம்.

செட் வைத்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன செட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் யாரிடமாவது போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது. பழுதுபார்ப்பவரிடம் செட்டைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" ஆன்டெனா, ரிலே, ஸ்விட்ச், வோல்டேஜ் என்று ஏதாவது சொன்னால் தைரியமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். "அலைன்மென்ட் பண்ணிடலாம்" என்று சொன்னால் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். துணி போர்த்தி மேசைமேல் இருந்தாலும் அது முழுசாக இருக்கும்.